எண்ணெய்ப் போத்தலும் என் தலையும்

மருந்துக் கடையில் நிற்பவருக்கு நோய் வரக்கூடாது; வந்தாலும் வெளியே தெரியாத நோயாக வரவேண்டும். எனக்கு வந்தது தைரொயிட் சுரப்புக் குறைவு. முதலில் களைப்பாக வந்தது, பிறகு சீப்பில் வந்தது. திருகோணமலைச் சந்தைக்குப் பக்கத்துப் பாமசி ஒன்றில் முன்மேசையில் நிற்கிறேன். என் தலைக்கு நேர்பின்னால்தான் தலைமயிர் எண்ணெய்த் தட்டு. குளியலறை வடிகானைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள் அருகில் வந்து உட்காருங்கள், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

துண்டுத்தாள்

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசி வரிவரை வாசிப்பது என் கெட்ட பழக்கம். என் குளிசையின் தாளையும் வாசித்தேன். நோயாலும் மயிர் கொட்டுமாம். மருந்து தொடங்கிய முதல் மாதங்களிலும் சிலருக்குக் கொட்டுமாம். கூட வேலை செய்யும் சுகந்திக்கு அதை முழுவதும் உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நீங்கள் வாசிக்காமல் விட்டிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும் அக்கா."

புருவம்

இந்த நோய் தலையோடு நிற்பதில்லை, புருவத்தின் வெளிநுனியையும் தின்னும். காலையில் பென்சிலால் வரைந்துகொண்டு வருவேன். ஒரு மத்தியானம் கரண்ட் போனது. துறைமுகப் பக்கமிருந்து காற்றும் இல்லை. வேர்க்க வேர்க்க, எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஆட்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். என் விளக்கத்தில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். சுகந்தி காதருகே வந்தாள்.

"அக்கா, ஒரு புருவம் கன்னத்துக்கு இறங்கிட்டுது."

நேர்த்தி

வாரிக் கட்ட ஒன்றுமில்லை என்றானதும் கட்டையாக வெட்டிவிட்டேன். மொட்டையடித்து முளைத்த தலைபோல இருந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து பிரஷர் குளிசை வாங்க வரும் மீன்பிடிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "வெருகல் முருகனுக்கு நேர்த்தியோ? வீட்டில ஆருக்குச் சுகமில்லை?"

"ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. எனக்குத்தான் சுகமில்லை, தானாகக் கொட்டினது" என்றேன். அவர் நம்பவில்லை. பெண்ணொருத்தி தலைமயிரைக் கொடுத்தால் அவள் புருஷனோ பிள்ளையோ பிழைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்கு அழுகை வந்தது. நான் எங்கே கொடுத்தேன்? என் மயிரை என்னிடம் ஒருவரும் கேட்டு வாங்கவில்லையே! அவர் மருந்துப் பையை எடுத்துக்கொண்டார்.

"சொல்ல விருப்பமில்லாட்டிச் சொல்லாதை பிள்ளை. அவருக்குச் சுகம் வரும்."

தட்டு

கல்யாணம் நிச்சயமான மகளோடு ஒரு தாய் வந்து, தலைமயிர் வளர எந்த எண்ணெய் நல்லதென்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். போத்தலைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், போத்தலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போனார். கதிரையில் இருந்த முதலாளி எல்லாவற்றையும் கண்டார். கெட்ட மனிதரல்ல, நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பேசிப் பிழைக்கிற என்னைப் பின்னறையில் சேலைன் பெட்டிகளுக்கு நடுவே விட்டால் நான் யாருக்கு விளக்குவேன்?

"சுகம் வரும்வரைக்கும் நீங்கள் உள்ளுக்கு நின்று ஸ்டோரைப் பாருங்கோவன்."

குறிஞ்சாக்கேணி உம்மா

சில வாரங்கள் ஸ்டோரில் கழிந்தன. ஒருநாள் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. "மயிர் கொட்டின புள்ள எங்க? அவவக் கூப்பிடுங்க." சுகந்தி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அந்த உம்மா விடவில்லை, திரையை விலக்கி உள்ளே வந்துவிட்டார். குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வந்தவர்; முன்பு மேசையில் என்னைக் கண்டிருக்கிறார். எங்கள் இருவரையும் தவிர ஒருவருமில்லை என்று பார்த்து முக்காட்டை நீக்கினார். உச்சியில் தோல் தெரிந்தது. அவர் போடுவதும் என்னுடைய அதே குளிசைதான்.

"மத்தவங்களுக்கெல்லாம் தல நெறைய முடி. அவங்கட்ட எப்பிடிக் கேக்கிற மகள்?"

குளிசையை வெறும் வயிற்றில் போடச் சொன்னேன். தேத்தண்ணீரோடு சேர்த்துப் போட்டு வந்திருக்கிறார். பிறகு, டொக்டரிடம் கேட்கத் துணியாததை அவரிடம் கேட்டேன்: "திரும்ப முளைச்சதா உம்மா?"

"கொஞ்சம் வந்திரிக்கி. பழைய முடி இல்ல."

முக்காட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அடுத்த வாரம் மயிர் கொட்டுகிற இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். முதலாளி என்னை வெளியே அழைத்து, தட்டைத் தானே காலிசெய்து போத்தல்களைக் கடையின் மறுகோடிக்குக் கொண்டுபோனார்.

"நீங்கள் இதிலயே நில்லுங்கோ. எண்ணெய் அங்கால நிக்கட்டும்."

தலை நிறைய மயிர் இருந்தபோது என்னை ஒருவரும் தேடி வந்ததில்லை. கொட்டினால்தான் மதிப்பு வரும், சம்மதமா என்று முன்பே என்னிடம் கேட்டிருந்தால், மதிப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன்.