போன் வந்தால் மெஷினை நிறுத்து

நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர் சிரித்த முகமாக, "வகுப்புல பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான், மேனேஜரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

மேனேஜரம்மா என்பது பட்டப்பெயர். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவள் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகளையும் தூங்கவைத்துவிட்டு நிர்வாகப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் படித்தாளே, அதற்காகக் கூட வேலை செய்பவர்கள் வைத்த கேலிப்பெயர். புத்திசாலிதான். ஆனால் அன்றைக்குப் புத்தியை எங்கே அடகு வைத்தாளோ, கல்லூரியிலிருந்து பதில் வருவதற்குள் வேலையை விட்டுவிட்டாள்.

பிரிவுபசாரம் அமர்க்களமாக நடந்தது. கேக் வெட்டினார்கள். தோல்பை வாங்கிக் கொடுத்தார்கள். வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று பெயரெடுத்த, துணி மடிக்கும் மடிப்பு மேசைக்காரி, அன்று பேச்சே வராமல் கட்டிப்பிடித்து அழுதாள். அடுத்த சூப்பர்வைசர் பதவி அவளுக்குத்தான் கிடைத்தது.

பிறகு வந்தது மின்னஞ்சல். இப்போதைக்கு இடம் இல்லை, காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம். யாராவது விலகினால் போனில் கூப்பிடுவோம், எடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மேனேஜரம்மா முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல உக்காந்து போனையே முறைச்சுக்கிட்டிருந்தா பைத்தியம்தான் பிடிக்கும். போய் வேலையைக் கேளு" என்றான் கணவன். கேக் வெட்டிய இடத்துக்கே எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? போனாள்.

அவளைப் பார்த்ததும் ரேடியோ இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி நீட்டினாள். "இந்தாக்கா, உன் இடம்."

"வெச்சுக்கடி. எனக்கு மடிப்பு மேசை போதும்."

மேசை கிடைத்தது. போன்தான் சிக்கல். வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் அலமாரியில் பூட்டி இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்ட மகராசியே மேனேஜரம்மாதான்.

"நீ போட்ட சட்டத்தை நீ மீறினா நல்லாருக்காது. நான் மீறலாம்" என்று ரேடியோ அந்தப் போனைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரே கூத்துதான். போன் அதிர்ந்தால் ரேடியோ கையைத் தூக்குவாள். இஸ்திரி மெஷின்கள் நிற்கும். இரைச்சல் அடங்கும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதிர்முனையில் யாரோ கடன் வேண்டுமா என்பார்கள். இல்லாவிட்டால் கணவன், "சின்னவனோட சாக்ஸ் எங்க?" என்பான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நின்றுபோன வேலையைச் சாப்பாட்டு நேரத்தில் முடித்தார்கள். தான் கொடுத்துவைத்தவள் என்று மேனேஜரம்மாவுக்கு முதன்முதலாகத் தோன்றியது அங்கேதான்.

ஒருநாள் நிஜமாகவே கல்லூரியிலிருந்து போன் வந்தது. மெஷின்கள் நின்றன. ஒரு பெண்குரல் கனிவாகப் பேசியது: எல்லா இடமும் நிரம்பிவிட்டது, வருத்தப்படாதீர்கள், அடுத்த வருஷம் மறுபடியும் விண்ணப்பியுங்கள்.

"சரிங்க, ரொம்ப நன்றிங்க" என்றாள் மேனேஜரம்மா. ஏமாற்றம் இல்லாமல் என்ன, நெஞ்சு முழுக்க இருந்தது. ஆனாலும் எதிரே நின்றவர்களின் முகங்கள் அவள் முகத்தைவிட வாடியிருந்ததை அவள் பார்த்தாள்.

ரேடியோ போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"மேடம், வெச்சுடாதீங்க. அடுத்த வருஷமும் இதே நம்பருக்கு அடிங்க. எங்கக்கா எடுக்கலேன்னா நான் எடுப்பேன். மெஷினையெல்லாம் நிறுத்தக் கொஞ்சம் நேரமாகும், அதுவரைக்கும் லைன்லயே இருங்க."

மேனேஜரம்மா அப்போதுதான் அழுதாள்.