இலையின் அடிப்பக்கம்

வரவேற்பறைச் செடியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். விரல்களை முகர்ந்து பார்க்கிறார். திருப்தியில்லை, மறுபடியும் கழுவப் போகிறார். அலுவலகங்களுக்கு வாடகைக்கு விட்ட தொட்டிச் செடிகளைப் பராமரிப்பது அவர் வேலை. ‘பளபளா’ என்றால்தான் எல்லா மாடிக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் லிஃப்ட்காரரே விழிப்பார்.

முன்பெல்லாம் சட்டைப்பையில் ஒரு குட்டி எண்ணெய்ப் புட்டியும் துணியும் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. “இலை மின்னினாத்தான் சார் நம்ம பொழப்பும் மின்னும்” என்று யாரும் கேட்காமலே சொல்வார். தூசி படிந்த இலையைக் கண்டால் கல்யாண வீட்டிலும் கை பரபரக்கும். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர்தான்.

அந்தக் கை அக்காவின் ரப்பர் செடியிலும் விளையாடியது. மாமா உயிரோடு இருந்தபோது வாங்கி வைத்தது. கண்ணில் புரை முற்றிப்போன அக்கா, இலைகளைத் தடவித் தடவித்தான் அதைப் பார்த்து வந்தாள். ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்குப் போகும்போது, “வந்து கண்ணாரப் பாக்கணும்டா, பத்திரமா வச்சிரு” என்று தம்பியிடம் ஒப்படைத்தாள். அக்கா கண் திறந்து பார்க்கும்போது செடி ஜொலிக்க வேண்டாமா? மேல்பக்கம் போதாதென்று இலையின் அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் பூசினார். இலைகள் தொய்ந்தன. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினார். மண் காயவே இல்லை. இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தன. அதற்கும் தண்ணீர்தான் ஊற்றினார்.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு ஓடினார். நர்சரிக்கார அம்மா ஓர் இலையைத் திருப்பித் தடவினாள். செடி வாங்க வந்திருந்தவர்கள் எதிரிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியிலதான்யா அது மூச்சு விடுற ஓட்டை இருக்கு. அது வழியா தண்ணி ஆவியாப் போகப் போகத்தான் வேரு கீழேர்ந்து இழுக்கும். மேல வாயை அடைச்சுட்டுக் கீழ ஊத்திக்கிட்டே இருந்தா? வேரு அழுகாம என்ன பண்ணும்? செடியோடயே திரியுற ஆளு, இது தெரியாதா?”

அவருக்குக் காது வரை சுட்டது. அழுகிய வேரை வெட்டி, மண்ணை மாற்றி, மிஞ்சிய இரண்டு இலைகளைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் கொடுத்தாள்.

“என்னடா ஆச்சு?” என்று கேட்டாள் ஊர் திரும்பிய அக்கா. உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். “பூச்சி விழுந்துடுச்சுக்கா” என்று வந்தது. அக்கா நம்பிவிட்டாள். அதோடு விட்டாளா? “என் தம்பி இல்லேன்னா மொத்தமாப் போயிருக்கும்” என்று பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் சொல்லி வைத்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவர் தலை நிமிர்வதில்லை. அக்கா பரிமாறினால் பாதியிலேயே எழுந்துவிடுகிறார். ‘இன்னைக்குச் சொல்லிடணும்’ என்று போவதும் சொல்லாமல் திரும்புவதுமாக இருக்கிறார். எண்ணெய்ப் புட்டியை எப்போதோ குப்பையில் போட்டாயிற்று. வாடைதான் விரலை விட்டுப் போகவில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, அக்கா வாசலிலேயே அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். செடியின் நுனியில் புது இலை ஒன்று சுருள் பிரிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “எல்லாம் உன் கைராசிடா. தொட்டுப் பாரேன்” என்றாள்.

அவர் விரல்களை ஒருமுறை முகர்ந்தார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு, குனிந்து பார்த்தார்.