பாய் நிலத்துக்கு நான் கட்டிய கிஸ்தி

மார்ச் ஐந்து, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. கிழக்கே வானம் மூடியிருந்தது, காற்று இல்லை. உத்திரமேரூருக்குத் தெற்கே எங்கள் ஊர்க் களத்தில் என் நெல் அறுபது சிப்பம், சிப்பத்துக்கு நாற்பது கிலோ, திறந்து கிடந்தது. அரசு கொள்முதல் நிலையத்தில் போட டோக்கன் வேண்டும். டோக்கனுக்கு கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்திட்ட அடங்கல், அதாவது பயிர்க் கணக்கு, வேண்டும். மூன்று மணிக்குள் கொடுத்தால் மறுநாள் அதிகாலையிலேயே எடை போடுவார்கள். மழை முந்திக்கொண்டால், ஈர நெல்லை அங்கே தொடமாட்டார்கள்.

"நான் போயாறேன். பொம்பளைங்களுக்கு பஸ்ஸு ஃப்ரீ. போவ பத்து, வர பத்து மிச்சம்" என்றாள் மனைவி.

"உனக்கு சர்வே நம்பர் சொல்லத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நானே போனேன்.

அலுவலர் என் மகள் வயதுப் பெண். நாற்காலி போடச் சொன்னார். கணினியைப் பார்த்தார். "ஐயா, உங்க நிலத்துக்கு கிஸ்தியே கட்டலியே. பதினோரு வருஷம் பாக்கி காட்டுது."

பதினோரு ரசீதுகளையும் வருஷ வரிசையில் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். நீட்டினேன். ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் 2ஏ-க்கு கட்டினது. உங்களுது 2பி" என்றார்.

2ஏ பக்கத்து நிலம். என் அப்பா பாதியை விற்றபோது பிரித்த உட்பிரிவு. இப்போது அது கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் பாயுடையது. நான் முப்பத்துநான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ரசீதில் தொகையைக் கூட்டிப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், அந்த ஓரெழுத்தைப் பார்க்கவில்லை. நான் 2ஏ என்று சொன்னேன், முன்பிருந்தவர்கள் அப்படியே எழுதிக்கொடுத்தார்கள்.

"பழைய பணத்த மாத்த தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கணுங்க ஐயா. இப்ப பாக்கிய கட்டிடுங்க, கையெழுத்து போட்டுடறேன்."

வருஷத்துக்குப் பதினேழு ரூபாய், பதினோரு வருஷத்துக்கு நூற்றெண்பத்தேழு. கட்டலாம் என்றால் சர்வர் வேலை செய்யவில்லை.

எதிரேதான் பாயின் கடை. விஷயம் எப்படியோ போய், கையில் டீயோடு வந்துவிட்டார். "இன்னா சார், எனக்கு வரி கட்டிக்கினு இருந்தது நீங்கதானா? நான் ஒரு வாட்டி கட்டப் போனேன், பாக்கி இல்லன்ட்டாங்க. கவர்மெண்டே மன்னிச்சி உட்டுச்சின்னு நெனச்சேன்!"

அலுவலர்கூடச் சிரித்துவிட்டார். பாய் இருநூறு கொடுத்தார். பதின்மூன்று ரூபாயைச் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்தேன்.

"அந்தக் காலமே தேவலாம் சார். கர்ணம் கண்ண மூடிக்கினு சொல்வாரு, எது யார் நெலம்னு. இந்தப் பொட்டிக்கு இன்னா தெரியும்?"

ஊர்க் கணக்கு எழுதிய கர்ணத்துக்குத் தெரியும்தான். எந்த வீட்டில் பித்தளை அண்டா இருக்கிறது என்றும் தெரியும். மழை பொய்த்த ஒரு வருஷம், கிஸ்தி பாக்கிக்கு எங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். அவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். உத்திரமேரூர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள், ஆயிரம் வருஷத்துக்கு முன்பே என்ன ஆட்சி என்று வியந்துவிட்டுப் போகிறார்கள். குடவோலையில் பேர் எழுத, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது அது. கால் வேலி ஒரு ஏக்கர் அறுபத்தாறு சென்ட். எனக்கு ஒன்று பன்னிரண்டு. அந்த ஆட்சியிலும் நான் வெளியேதான் நின்றிருப்பேன். இங்கே ஐயா என்கிறார்கள், நாற்காலி தருகிறார்கள். அதில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் இடுப்பு விட்டுப்போயிற்று. எது மேல் என்று யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

இரண்டு ஐம்பதுக்கு சர்வர் வந்தது. கையெழுத்தாகி வெளியே வரும்போது மூன்று இருபத்தைந்து. டோக்கன் வெள்ளிக்கிழமைக்குத்தான் கிடைத்தது.

புதன் காலை ஆறு ஐந்துக்குத் தூறல் பிடித்து, ஏழுக்கெல்லாம் கொட்டியது. வாடகைத் தார்ப்பாய் வந்து மூடுவதற்குள் அடி வரிசை ஊறிவிட்டது. மத்தியானம் வாலாஜாபாத் வியாபாரி வந்தார். நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, அரசு விலையில் சிப்பத்துக்கு இருநூற்றைந்து குறைத்துக் கேட்டார்.

"குடுத்துத் தொலைங்க. நாளைக்கி மொளச்சிக்கினு நிக்கும்" என்றாள் மனைவி.

கொடுத்தேன். விலையில் போனது 12,300. தார்ப்பாய் 300. பஸ் 20. ஜெராக்ஸ் 9. மொத்தம் 12,629 ரூபாய்.