சுவருக்கு அந்தப் பக்கம் வந்த தாள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் யோசித்துத்தான் அடிப்போம். வரிசையாக ஒட்டி நிற்கிற ஒவ்வொரு காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். ஓட்டை போடுவதாக இருந்தால் ஆபீசுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். ஆபீசில் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைக் கேட்கச் சொல்வார்கள், அவர் மனேஜர் துரையைக் கேட்டுச் சொல்கிறேன் என்பார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் நோர்வூட் டவுனில் போட்டோகொப்பி, பேக்ஸ், டெலிபோன் கோல் என்று சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த என் அண்ணன், எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவில் வயர் இழுக்காமல் வைபை போட்டான்.

இது இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. ஒரு காம்பராவில் அண்ணனும் அண்ணியும். ஒட்டின அடுத்த காம்பராவில் நானும் அம்மாவும். நான் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அண்ணன் கொழும்பிலிருந்து பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து தன் பக்கத்து டீவி மேசையில், கம்பியூட்டருக்கும் பிரிண்டருக்கும் பக்கத்தில் வைத்தான். இன்டர்நெட் கிடையாது. கடையில் யாரோ அரை விலைக்கு விற்றுவிட்டுப் போன லெப்டொப்பில் நான் பட்டனைத் தட்டினால் அவன் பக்கத்தில் தாள் வரும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அன்றைக்கு அவன் அடித்த பந்தாவைப் பார்த்திருக்க வேண்டும்.

"இனிமே வயரும் தேவையில்ல, ஒன்னும் தேவையில்லம்மா. எங்கருந்து அனுப்புனாலும் இந்த மெசின்ல வந்து விழும்."

அம்மா டீவிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, மெசினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுவத்துல ஓட்ட போடாமயா?"

"போடாமத்தான்."

"அப்ப தொரைய கேக்க வேண்டியதில்ல" என்றார் அம்மா. அவருக்கு அதில் அதுதான் பெரிய விசயமாகத் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான், பொய் சொல்வானேன்.

நடைமுறையில் அந்த வைபை எங்கள் தொண்டையை நம்பித்தான் ஓடியது. அண்ணிக்கு இடி என்றால் உயிர் போய்விடும். எங்கள் பக்கத்தில் பின்னேரம் இரண்டு மணிக்கு மேல் மேகம் ஒரு தரம் உறுமினால் போதும், லயம் முழுக்க டக் டக்கென்று பிளக் பிடுங்குகிற சத்தம் கேட்கும். இரண்டு வருடத்துக்கு முன் மேல் லயத்தில் இடி விழுந்து மூன்று வீட்டு டீவி கருகிப் போனதிலிருந்து அது ஒரு பழக்கம். அண்ணி டீவி, கம்பியூட்டர், பிரிண்டர், ரவுட்டர் எல்லாவற்றையும் பிடுங்குவார். பிடுங்குவதில் காட்டுகிற அவசரத்தைத் திரும்பப் போடுவதில் காட்ட மாட்டார். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்த இடைவெளி வழியாக நான் கத்துவேன்.

"அண்ணி, பிரிண்டர போடுங்க."

"போட்டாச்சு."

"ரவுட்டர?"

"அது எது?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்போதுமே அப்படித்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நாள் முழுக்கப் பொறுமையாக இருந்துவிட்டு வருவதால், வீட்டில் கொடுக்க மிச்சம் ஒன்றும் இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்திண்ணை இஸ்தோப்பு வழியாக வெளியே போய், அடுத்த வாசலால் உள்ளே நுழைந்து, நானே போட்டுவிட்டு, அதே வழியில் திரும்பி வந்து பட்டனைத் தட்டிவிட்டு, தாளை எடுக்க மறுபடியும் போவேன். ஒரு யூ.எஸ்.பி.யில் போட்டுக் கொண்டுபோயிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். அதை அண்ணனிடம் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

அந்த வருடம் அம்மாவின் முழங்கால் வீங்கிப் போயிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை மலையில் வழுக்கி விழுந்துவிட்டார். இரவில் எண்ணெய் தேய்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுப்பார். விடிந்தால் படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலையில் பெயர் பதிகிற பெரட்டுக்குப் போய் நிற்பார். விரும்பினால் வேலையிலிருந்து நிற்கிற வயது அவருக்கு வந்திருந்தது. விரும்பாவிட்டால் இன்னும் சில வருடம் போகலாம். நின்றுவிடுங்கள் என்று எத்தனையோ தரம் சொன்னேன். "பாப்பம்" என்பார். அம்மாவின் "பாப்பம்" என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

முழங்கால் மட்டும்தான் காரணம் என்று இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இன்னொன்றும் இருந்தது. ஹட்டனிலிருந்து வருகிற ஒரு டீச்சர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "ஒங்க அம்மா இன்னமும் கொழுந்துக்கா போறாங்க?" என்று கேட்டுவிட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் டீச்சராகியும் அம்மா கூடை சுமக்கிறார் என்று நாலு பேர் நினைப்பார்களே என்ற வெட்கம். அந்த வெட்கத்தோடுதான் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து லெப்டொப்பைத் திறந்தேன்.

துரைக்கு இங்கிலீசில் ஒரு கடிதம் எழுதினேன். அம்மா எழுதுவது போல. எனக்கு வயதாகிவிட்டது, முழங்கால் முடியவில்லை, இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நிற்க விரும்புகிறேன். கீழே அம்மாவின் பெயரும், தோட்டத்துச் சம்பளப் பதிவில் இருக்கிற செக்ரோல் நம்பரும். எடுத்து முன்னால் நீட்டி, "இதுல ஒரு கையெழுத்து வைங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றால் வைத்துவிடுவார் என்று ஒரு கணக்கு. அண்ணி தண்ணீர்ப் பீலிக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் பட்டனைத் தட்டினேன். அந்தப் பக்கம் மூச்சே இல்லை. பகலில் உறுமிய மேகத்துக்கு அண்ணி எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார். இரகசிய வேலை, கத்தவும் முடியாது. எரிச்சலோடு லெப்டொப்பை மூடி வைத்தேன். மூடினால் அந்தக் கடிதமும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. உள்ளே வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் தவணைப் பரீட்சைத் தாள் எடுக்க வேண்டியிருந்தது. அண்ணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போடச் சொல்லிவிட்டுப் பட்டனைத் தட்டினேன். பிரிண்டர் ஓடுகிற சத்தம் சுவருக்கு மேலால் கேட்டது. அடுப்பில் பால் பொங்குகிற நேரம். இறக்கி வைத்து, தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு ஆறுதலாகத்தான் போனேன். பரீட்சைத் தாள்கள் அடுக்காக இருந்தன. அம்மா டீவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் தாள்களை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் இரவு எல்லாரும் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த மாசத்தோட என்னைய நிப்பாட்டிட்டாங்க."

அண்ணன் நிமிர்ந்தான். "யாரு?"

"தொரதான். தாள் வந்துச்சு. காலையில பெரட்டு முடிஞ்சதும் ஆபீசுக்குக் கொண்டு போனேன். பெரிய கிளாக்கரய்யா பாத்துட்டு, நிக்கப் போறீங்களான்னு கேட்டாரு. தொர சொன்னா நிக்கத்தானே வேணும்னு தலைய ஆட்டிட்டேன். கையெழுத்து வைக்கச் சொன்னாரு. வச்சிட்டேன்."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எப்படி அவங்களா நிப்பாட்டுவாங்க? நாளைக்கே தலைவர்கிட்ட சொல்லி யூனியனுக்குப் போறேன். தாள யாரு கொண்டாந்து குடுத்தாங்க? கங்காணியா?"

"மெசின்ல வந்துச்சு."

"எந்த மெசின்ல?"

அம்மா டீவி மேசையைக் காட்டினார்.

"நம்ம பிரிண்டருக்கு ஆபீசுலருந்து எப்படிம்மா வரும்?"

"வயரே இல்லாம எங்கருந்து அனுப்புனாலும் வரும்னு நீதானே சொன்ன. ஒங்கடையில பேக்ஸ் வர்றத நான் பாத்ததில்லயா? இங்கிலீசு எனக்குத் தெரியாட்டியும் எம்பேரு நம்பர் தெரியாதா? முப்பத்தஞ்சு வருசமா அந்த நம்பர்ல தாள் வந்தா அது ஆபீசுத் தாள்தான்."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்த நம்பரோடு ஒரு தாள் வேறு எங்கிருந்தும் அவருக்கு வந்ததே கிடையாது. முந்தாநாள் உள்ளே வரிசையில் நின்ற என் கடிதம், பரீட்சைத் தாளுக்கு முன்னால் வெளியே வந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏம்மா, வீட்டுல ஒரு டீச்சர் இருக்கா. வாசிக்கக் குடுத்திருக்கலாமே" என்றான் அண்ணன்.

"வாசிச்சா பாப்பா மனசு ஒடஞ்சு போவாளேன்னு குடுக்கல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அது தொர அனுப்புனது இல்லம்மா. நான் எழுதுனது" என்றேன். முழங்காலைச் சொன்னேன், இடியைச் சொன்னேன், பிளக்கைச் சொன்னேன். ஹட்டன் டீச்சர் கேட்டதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் வாய் நிற்கவில்லை. அண்ணி மட்டும், "நான் பிளக்க புடுங்குனதுதான் குத்தமாக்கும்" என்று மெதுவாக முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"தொர அனுப்புனதுன்னு நெனச்சப்ப எனக்கு இவ்வளவு வருத்தமில்ல பாப்பா. அவரு கேக்க மாட்டாரு, சொல்லுவாரு. நீ கேட்டிருக்கலாமே."

கேட்டேனே அம்மா, நீங்கள்தான் "பாப்பம்" என்றீர்கள் என்று சொல்ல வாய் வந்தது. நல்ல வேளை, அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். நான் கேட்டதெல்லாம் கேள்வியே இல்லை. என் பாட்டில் முடிவெடுத்துவிட்டு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிரவு எண்ணெய் தேய்த்துவிடப் போனபோது அம்மா போத்தலை என் கையிலிருந்து வாங்கித் தானே தேய்த்துக்கொண்டார். அது வலித்த மாதிரி வேறு எதுவும் வலிக்கவில்லை.

மறுநாள் பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவோடு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிற மனிதர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பைலிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்ன டீச்சர், அம்மாவைக் கேக்காமலே அம்மான்ர கடிதத்தை எழுதினனீங்களோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவ ஒண்டும் கதைக்கேல்லை, பேசாமல் கையெழுத்து வைச்சா. நானும் விருப்பத்தோடதான் எண்டு நினைச்சன். துரைக்கு இன்னும் மேல அனுப்பேல்லை, அது உங்கட நல்ல காலம்." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. நிக்கிறீங்களோ, போறீங்களோ?"

"போறேங்க" என்றார் அம்மா. "மலைக்குப் போறேங்க."

தாளைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னைப் பாராமல், "நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே மூன்றாம் நம்பர் மலைப் பக்கம் ஏறினார். அரைநாள் வேலையாவது கிடைக்கும் என்று. ஆபீஸ் வாசலில் நின்று அவர் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் போனார். முழங்கால் மோசமாகத்தான் ஆனது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதல் சில வாரம் எண்ணெய்ப் போத்தலை என்னிடம் தரவில்லை. ஒரு நாள் தானாகவே நீட்டினார். நான் வாங்கித் தேய்த்தேன்.

ஒரு பின்னேரம் வேலை விட்டு வந்து, கூடையை இறக்கி வைத்த கையோடு, "அந்த லெப்டொப்ப எடு" என்றார்.

"எதுக்கும்மா?"

"எங்கூட நெர புடிச்சு கொழுந்தெடுத்தவளுக எல்லாம் நின்னுட்டாளுக. இனிமே மலைக்குப் போனாலும் பேச ஒரு ஆளில்ல. தொரைக்கு ஒரு கடுதாசி எழுது. நானாத்தான் நிக்கிறேன்னு எழுது. அத மொதல்லயே எழுது."

இங்கிலீசில் எழுதி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். முழங்கால் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன், அதை எடுக்கச் சொன்னார். நம்பரை மட்டும் திரையில் விரலை வைத்துத் தானே சரிபார்த்தார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து இஸ்தோப்பு வழியாக அண்ணன் வீட்டுப் பக்கம் போனார். அண்ணியிடம் பிளக்கைப் போடச் சொல்வது கேட்டது.

"ம், இப்ப தட்டு" என்றார் அங்கிருந்து.

தட்டினேன். பிரிண்டர் முனகி, இழுத்து, நின்றது.

"தாளு வந்துருச்சு" என்றது அம்மாவின் குரல், சுவருக்கு மேலால். "யாரு அனுப்புனது?"

"நீங்கதாம்மா" என்றேன்.

"கேக்கல. சத்தமா சொல்லு."

அந்தச் சுவர் என்றைக்கும் எதையும் மறைத்ததில்லை. அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். இருந்தாலும் லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னேன்.

"நீங்கதாம்மா அனுப்புனீங்க."