தட்டைத் துடுப்பும் சரிந்த துடுப்பும்

ஹாலிஎலவுக்கு மேலே, மூடிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் ஒரு மூலையில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. தேயிலையின் வேரழுகலைத் தடுக்கும் பூஞ்சையை அங்கே திரவத்தில் வளர்த்தோம். இரண்டு தாங்கிகள், இரண்டிலும் ஒரே கரைசல், ஒரே சூடு. கலக்கும் துடுப்பு மட்டும் வேறு. முதலாவதில் நிமிர்ந்த தட்டைத் துடுப்பு. காற்றுக் குமிழிகளை நன்றாகச் சிதைக்கும், ஒட்சிசன் தாராளமாகக் கரையும். வேகம் கூடினால் பூஞ்சையின் இழைகளையும் அறுத்துவிடும். இரண்டாவதில் சரிந்த துடுப்பு. திரவத்தை மெல்லக் கீழே தள்ளிச் சுழற்றும். இழை பிழைக்கும், மூச்சுத்தான் குறையும். எது நல்லது என்று ஒப்பிடத்தான் இரண்டையும் ஓட்டினோம். ஆனால் அந்தத் திரவத்தை நம்பி ஒரு மலை காத்திருந்தது.

தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் நாலாம் நம்பர் மலை. செடிகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மழை பிடிப்பதற்குள் வேருக்கு இது இறங்காவிட்டால் மலையைக் கைவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. எங்கள் தாங்கிகளை ஓட்டியவரின் மகள் அந்த மலையில்தான் கொழுந்து பறித்தாள். அவர் பல வருடம் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலர் அறையில், கொழுந்தை உருட்டிப் பிழியும் இடத்தில், வேலை செய்தவர்.

அன்று காலை உள்ளே போனதுமே முதல் தாங்கியின் சத்தம் வேறாகக் கேட்டது.

"அண்ணை, ஆர் வேகத்தைக் கூட்டினது?"

"நாந்தாங்க சார். உள்ள கட்டி கட்டியா உருண்டுச்சு. கட்டின்னா ஒடைக்கணும்ல?"

ரோலரிலிருந்து கட்டியாக விழும் கொழுந்தை உடைத்துச் சலிப்பது அவர் கைக்குப் பழகிய வேலை. இங்கே அந்தக் கட்டிகள்தான் பூஞ்சை.

"மற்றதையும் கூட்டினனீங்களோ?"

"அதுக்குள்ளதான் நீங்க வந்துட்டீங்களே."

நுணுக்குக்காட்டியில் முதல் தாங்கியின் துளியைப் பார்த்தேன். அறுந்த இழைத் துண்டுகள், உயிர் போன வெறும் உறைகள். மறுபடி தொடங்க விதைப் பூஞ்சையும் இல்லை, நாளும் இல்லை.

மிஞ்சியது இரண்டாவது. அதில் ஒட்சிசன் இறங்கிக்கொண்டே வந்தது. காற்றைக் கூட்டினேன், நுரை பொங்கி மூடியைத் தொட்டது. குறைத்தேன், ஒட்சிசன் அளவு இன்னும் விழுந்தது. என் கை வேகத் திருகிக்குப் போனது.

"ஆரு கூட்டுனதுன்னு என்னையக் கேட்டுட்டு இப்ப நீங்களே திருகப் போறீங்களா சார்?"

கையை எடுத்தேன். திருகினால் அறுந்து சாகும், விட்டால் மூச்சுமுட்டிச் சாகும். கொஞ்சம் திருகி, கொஞ்சம் விட்டு, பகல் முழுவதும் அதன் முன்னாலேயே நின்றோம்.

பின்னேரம் திறந்தபோது இழைகள் முழுசாக இருந்தன, ஆனால் ஐதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சில வரிசைச் செடிகளுக்கு ஊற்றத்தான் காணும்.

"எந்த வரிசைக்குங்க?"

"நோய் தொடாத ஓரத்துக்கு. காய்ஞ்சதை விடுங்கோ."

"காஞ்சதுதானே சார் முக்காவாசி மலை." திரவத்தை நிரப்பிய பிளாஸ்டிக் கானின் மூடியை இறுக்கியபடி கேட்டார்: "மகளுகிட்ட என்னான்னு சொல்ல?"

"வேற தோட்டத்தில பேர் பதியச் சொல்லுங்கோ" என்றேன்.