அவர் சொன்னவர்

காரின் வலப்பக்கக் கண்ணாடியை நாலு விரல் இறக்கிவிட்டு, அந்த இடைவெளியில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள் மரியநாயகி. காருக்குள் ஆரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று, "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டுச் சில்வெஸ்ரர் பக்கம் திரும்புவாள்.

"அந்தக் கிளச் பிளேற்றைக் கழட்டும் சில்வெஸ்ரர். அது சரிவராதாம். அவர் சொன்னவர்."

சில்வெஸ்ரருக்குப் பத்தி எரிகிற இடம் அதுதான். பத்து வருசத்து எரிச்சல். ஊர்காவற்றுறைப் பக்கத்தில் கடலுக்குப் போகிற மிசின் வள்ளங்களில் பாதி அவன் கை பட்டு ஓடுகிறவை. வாய்க்கொழுப்புப் பிடித்த வள்ளக்காரச் சம்மாட்டிமார்கூட, மிசின் பெட்டிக்குப் பக்கத்தில் அவன் குந்திவிட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். இந்த ஒரு மனிசிதான் அவன் சொன்னதை ஒருநாளும் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிறவன் சொன்னான் என்றால் மல்லுக்கு நிற்கலாம். கடலுக்குள் போன ஆளோடு என்னத்தைப் பேசி வெல்லுறது?

கடலுக்குள் போன ஆள் அவளுடைய புருசன் எமிலியானுஸ். நாரந்தனையில் ஹயர் கார் ஓடினவர். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலுக்குக் கொஞ்சம் முந்தி மச்சானின் வள்ளத்தில் மன்னார்ப் பக்கம் போனார். வள்ளத்தின் பலகை இரண்டு கரை ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை. அதே புயலில் வளவுத் தென்னை ஒன்று சரிந்து, அவர் விட்டுவிட்டுப் போன ஒஸ்ரின் ஏ நாற்பது காரின் முதுகில் விழுந்தது. மரியநாயகி ஒப்பாரி வைக்கவில்லை. கறுப்பு உடுக்கவில்லை. செத்தவருக்கு வைக்கிற ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுக்கச் சுவாமியார் கேட்டபோது, "ஆரின்ரை ஆத்துமத்துக்கு, சுவாமி?" என்று திருப்பிக் கேட்டாள். பிறகு தென்னையைத் தறிப்பித்து, காருக்கு மேலே தென்னோலைக் கிடுகால் ஒரு கொட்டில் போட்டுவிட்டுச் சில்வெஸ்ரருக்கு ஆள் அனுப்பினாள்.

நெட்டை மனிசி. வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். வள்ளங்களுக்குப் பாய் தைக்கிறதுதான் சீவனம். அதனால் வலது உள்ளங்கை தோல் செருப்புப்போலத் தடித்துக் கிடக்கும். நட்டுக் கழற்றுகிற எந்தச் சாவியைக் கையில் கொடுத்தாலும் முதலில் மணந்து பார்ப்பாள். நட்டுகளைப் பால்மாப் பேணிகளில் போட்டு, பேணிக்குப் பேணி ஒரு சிலுவை கீறி வைத்திருப்பாள். நசுங்கிய கூரையை மணல் மூட்டை முண்டுகொடுத்து உள்ளேயிருந்து தட்டித் தட்டி எழுப்பியது அவள்தான். ஒரு மாரி முழுக்க அந்தத் தட்டல் கேட்டது. சீற்றுகளுக்குப் பாய்ச்சீலையில் உறை தைத்து, தும்பு அடைந்து, நூலுக்கு மெழுகு பூசி இழுத்தாள். அந்தத் தையலைப் பார்த்தால் சில்வெஸ்ரருக்குக்கூடப் பொறாமை வரும்.

பழைய காரைப் பழையபடி நிமிர்த்தினால் போதும் என்பது சில்வெஸ்ரரின் எண்ணம். அவளுக்குப் போதாது. பக்கத்தில் கை நீட்டி வழி காட்டுகிற சிக்னலைக் கழற்றிவிட்டு மின்னி மின்னி எரிகிற லைற் வேணும். முன்சில்லுக்கு எண்ணெய்ப் பிரேக்கும் பின்சில்லுக்குக் கம்பிப் பிரேக்குமாக இருந்ததை மாற்றி நாலு சில்லுக்கும் எண்ணெய்ப் பிரேக் வேணும். பழைய மிசினைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெரிய மிசின் வைக்க வேணும்.

"அக்கா, உங்களுக்கு விசரே? வெளியாலை ஒரு நட்டு வாறேல்லை நாட்டுக்குள்ளை. பெரிய மிசினுக்கு நான் எங்கை போறது?"

அவள் போய்க் கண்ணாடியடியில் நின்றாள். திரும்பி வந்தாள்.

"வேலணையிலை, வாய்க்காலுக்கு அங்காலை, ஒரு மாட்டுக் கொட்டிலுக்குள்ளை கிடக்குதாம். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் மிசின். வைக்கலுக்குக் கீழை. அவர் சொன்னவர்."

இண்டைக்கு இவளின் விசரை ஒரு முடிவுக்குக் கொண்டுவாறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலணைக்குப் போனான் சில்வெஸ்ரர். கொட்டில் இருந்தது. வைக்கோலைக் கிளறினான். மிசின் இருந்தது. கொட்டில்காரக் கிழவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "உது கிடக்கிறது என்ரை பெண்சாதிக்கே தெரியாது. உமக்கு ஆர் சொன்னது?" என்றான். சில்வெஸ்ரர் மிசினுக்கு விலை பேசினான். சந்தையில் ஆரோ கதைத்திருப்பார்கள், இவள் காதில் விழுந்திருக்கும் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். நாரந்தனை வருமட்டும் அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்கு வலப்பக்கக் கதவு என்று ஒன்று இருந்ததே தவிர, அதை ஆரும் திறக்க அவள் விடமாட்டாள். உள்ளே வேலை என்றால் இடப்பக்கத்தால் ஏறி, சாய்ந்து, எட்டிச் செய்ய வேணும். ஒருமுறை ஸ்ரேறிங் வளையத்துக்கு வள்ளத்துக் கறுப்புப் பெயின்ற் பூசினார்கள். காய்ந்து இறுகிக் கண்ணாடிபோல இருந்தது. அடுத்த கிழமை சில்வெஸ்ரர் வந்தபோது, வளையத்தின் வலப்பக்கத்தில், கையைப் பாரமாய் ஊன்றிக் கார் ஓடுகிற ஆள் பிடிக்கிற இடத்தில், ஒரு கைப்பிடி அகலத்துக்குப் பெயின்ற் தேய்ந்து இரும்பு தெரிந்தது. மரியநாயகிக்குக் கார் ஓடத் தெரியாது. மகள் ஜசிந்தா காரைக் கண்டாலே குசினிப் பக்கம் போய்விடுவாள்.

"உப்புக் காத்து," என்றான் சில்வெஸ்ரர். காற்று ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்குமா என்று ஆரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும்.

அடிச்சட்டத்தில் உப்பு ஏறாமல் இருக்க, வள்ளத்துக்குப் பூசுகிறதுபோலச் சுறா எண்ணெய் பூசினார்கள். இது மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துவந்த விசயம். அந்த நாற்றத்துக்கு ஊர் நாய்கள் எல்லாம் வந்து காரைச் சுற்றிப் படுத்தன. நக்கவில்லை, சண்டை பிடிக்கவில்லை. எல்லாம் முகத்தை வலப்பக்கக் கதவுக்கு நேரே வைத்துக்கொண்டு, வீட்டுக்காரன் வெளியே வரட்டும் என்பதுபோலக் கிடந்தன. கல் எடுத்து எறிந்தாலும் எழும்பாது.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஜசிந்தாவுக்குக் கலியாணம் பேசியதில்தான் கதை இறுகியது. மாப்பிள்ளையின் தகப்பன் குருசுமுத்து, நெஞ்சில் பெரிய சிலுவை தொங்கவிட்டிருக்கிற மனிசன், வந்து கதிரையில் இருந்து காலை ஆட்டிக்கொண்டு சொன்னான்:

"மரியநாயகி, இந்த ஞாயிறு தொடங்கி மூண்டு ஞாயிறு கோயிலிலை கலியாண ஓலை வாசிக்க வேணும். இன்னாரின்ரை மகன், இன்னாரின்ரை மகள் எண்டு. உம்மடை மனிசனை உயிரோடை இருக்கிறவராய் வாசிக்கிறதோ, காலஞ்சென்றவராய் வாசிக்கிறதோ? ஆத்துமப் பூசை வைக்காத வீட்டிலை என்ரை பெடியன் பெண் எடுக்கமாட்டான். தவக்காலத்துக்கு முந்தி முடியாட்டில் நாங்கள் வேறை இடம் பாப்பம்."

"அவர் வருவார்," என்றாள் மரியநாயகி. "கார் ஓடுற அண்டைக்கு வருவார். பெட்டையைக் கோயிலுக்குத் தான்தான் கொண்டுபோறது எண்டு சொன்னவர்."

குருசுமுத்துவின் கால் ஆட்டம் நின்றது. கதவுக்குப் பின்னால் ஜசிந்தா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு வயசு முப்பதை நெருங்குகிறது. முந்தி வந்த இரண்டு சம்பந்தமும் இதே பதிலைக் கேட்டுத்தான் திரும்பிப் போனவை. மூன்றாவதும் போனால் நாலாவது வராது என்று தாய்க்கும் தெரியும்.

வேலை விரைந்தது. மிசின் ஏறியது, லைற் மின்னியது. மிஞ்சியது பிரேக். பிரேக் எண்ணெய் யாழ்ப்பாணக் கடைகளில் ஒன்றிலும் இல்லை. "ஆமணக்கெண்ணெயிலை ஸ்பிரிற்றுக் கலந்து விட்டால் ஓடும்," என்று சில்வெஸ்ரர் சொன்னான். "நாளைக்கு நான் கொண்டுவாறன். அதுவரைக்கும் தொடாதேங்கோ." அடுத்த நாள் போத்தலோடு வந்தபோது, தான் ஏற்கெனவே விட்டு நிரப்பிவிட்டதாக மரியநாயகி சொன்னாள். என்னத்தை விட்டனீங்கள் என்று கேட்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்டால் அந்தப் பழைய பதில்தான் வரும் என்று விளங்கியது. வீம்பில் கேட்காமல் விட்டான். போத்தலைக் கொட்டில் தூணில் கட்டித் தொங்கவிட்டான்.

சோதனை ஓட்டத்துக்கு ஓட்டுறதுக்கு ஆள் வேணும். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "இண்டைக்கு மட்டும்," என்றாள். வலப்பக்கக் கதவைத் திறந்து சில்வெஸ்ரர் ஏறினான், இடப்பக்கத்தால் அவள் ஏறினாள். நாய்கள் ஒவ்வொன்றாக எழும்பி வளவை விட்டுப் போயின. மிசின் ஒரு இழுப்பில் பிடித்தது. பட்டுப்போல ஓடியது. கடற்கரைத் தெரு திரும்புகிற இடத்தில் அவன் பிரேக்கை மிதித்தான். கால் அடித்தகடுவரைக்கும் போனது. கார் ஆரோ ஒருவன் வளவின் ஓலை வேலியைப் பிய்த்துக்கொண்டு உவர்ச் சேற்றுக்குள் இறங்கி, முன்சில்லு இரண்டும் கடலுக்குள் நிற்க, நின்றது. ஒருவருக்கும் காயம் இல்லை.

அந்தச் சேற்றுக்குள்ளேயே குந்தியிருந்து பிரேக் சிலிண்டரைக் கழற்றினான் சில்வெஸ்ரர். உள்ளே றபர் வளையங்கள் ஊறிப் பொருமி, விரலால் அமத்த, களிபோல வழிந்தன. மணந்து பார்த்தான்.

"அக்கா. இது சுறா எண்ணெய்."

"ஓம். அவர்தான் சொன்னவர். அடிக்குப் பூசி மிஞ்சினதை விடு, அது போதும் எண்டு."

சில்வெஸ்ரர் கையைச் சேற்றில் துடைத்தான். அவனுக்கு இப்போது கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று பட்டது.

"எமிலியானுஸ் அண்ணை அப்பிடிச் சொல்லமாட்டார் அக்கா. றபரிலை மீன் எண்ணெய் பட்டால் றபர் செத்துப்போம் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். மீன் தொட்ட கையோடை பிரேக்கிலை கை வைச்சன் எண்டு ஒருநாள் பளாரெண்டு அறைஞ்சவர். நீங்களும் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

மரியநாயகி இடப்பக்கச் சீற்றில் இருந்தபடியே கடலைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த அடி நினைவு வந்திருக்க வேணும். 

"உண்மைதான்," என்றாள். "அவர் அப்பிடிச் சொல்லமாட்டார்."

அலை வந்து சில்லில் பட்டுத் திரும்பியது.

"அப்ப, இவ்வளவு காலமும் என்னோடை கதைச்சது ஆர், சில்வெஸ்ரர்?"

அவன் சிலிண்டரைச் சேற்றில் வைத்துவிட்டு எழும்பினான். இடப்பக்கக் கதவைத் திறந்து கையைப் பிடித்து அவளை இறக்கிவிட்டான். வீடுவரைக்கும் இரண்டு பேரும் நடந்தே வந்தார்கள்.

அன்றைக்குப் பின்னேரமே சுவாமியாரிடம் தானே போனாள். ஆத்துமப் பூசை வைக்கப்பட்டது. மரியநாயகி கறுப்புச் சேலை உடுத்து முன்வாங்கில் முழங்காலில் நின்றாள். ஞாயிற்றுக்கிழமை ஓலையில், "காலஞ்சென்ற எமிலியானுஸின் மகள்" என்று வாசிக்கப்பட்டபோது, பின்வாங்கில் இருந்த குருசுமுத்து தலையை ஆட்டினான். காரை விற்றுவிடுவாள், அல்லது கொளுத்துவாள் என்று ஊர் கதைத்தது. அவள் இரண்டும் செய்யவில்லை. மாடு கட்டி இழுப்பித்து எடுத்து, சில்வெஸ்ரரைக் கூப்பிட்டு, "ஆமணக்கெண்ணெயை விடும். நீர் சொன்னபடி எல்லாத்தையும் செய்யும்," என்றாள். பத்து வருசமாகக் கேட்க ஆசைப்பட்ட பேச்சு. கேட்டபோது அவனுக்கு அது இனிக்கவில்லை. வேலை செய்த நாலு நாளும் வலப்பக்கக் கண்ணாடியை இறுக ஏற்றிவிட்டே செய்தான். அவள் கொட்டில் பக்கமே வரவில்லை. குசினிக்குள் இருந்து, வாசலைக் கண்ணால் பார்க்காமல், பாய் தைத்துக்கொண்டிருந்தாள்.

கலியாணத்தன்று காலையில் காரைக் கழுவிப் பூக் கட்டினார்கள். நல்ல வெயில். ஜசிந்தா வெள்ளைச் சேலையும் முக்காடுமாக வந்து பின்சீற்றின் ஒரு ஓரத்தில் தனியே இருந்தாள். சேலை கசங்கும் என்று பக்கத்தில் ஒருவரையும் ஏறவிடவில்லை. சில்வெஸ்ரர் சவரம் செய்து, கடன் வாங்கின சப்பாத்து போட்டு, ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். மரியநாயகி இடப்பக்கத்தால் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் மிசினை எழுப்பக் கை கொண்டுபோனான். அவள் அந்தக் கையின் மேல் தன் தடித்த உள்ளங்கையை வைத்தாள். ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது.

குனிந்து, மகளுக்குக் கேளாமல், அவன் காதுக்குள் சொன்னாள்.

"பூசை வைச்சும் அது கதைக்கிறது நிண்டபாடில்லை. இவ்வளவு நாளும் நீர் இருக்கிற சீற்றிலைதான் இருந்தது. இப்ப பின்சீற்றுக்குப் போயிட்டுது."

 பின்னால் சேலை சரசரத்தது. ஜசிந்தா ஒரு பக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒதுங்கி இருந்தாள்.

"கோயில் வாசல்வரைக்கும் நீர் ஏதாவது கதைச்சுக்கொண்டு வாரும்," என்றாள் மரியநாயகி. "பெலத்துக் கதையும். பிள்ளைக்கு அதின்ரை குரல் கேக்கக்கூடாது. நிப்பாட்டிப் போடாதையும், சில்வெஸ்ரர்."

சில்வெஸ்ரர் கையை மேலே நீட்டி, பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி விட்டான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மிசின் சத்தத்துக்கும் மேலால், காபரேட்டரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.