பூமாரியின் மெட்ராஸ் பயணங்கள்

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த பூமாரிக்கு 1977-ல் வலது கண் மெல்லப் பிதுங்கத் தொடங்கியது. வலி இல்லை. அறுந்த இழையை முடிச்சுப் போடும்போதுதான் ஒன்று இரண்டாகத் தெரிந்தது. கண்ணேறு என்று அக்கம்பக்கத்தார் மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

"ஏட்டி, சுத்திப் போட்டது போதும். பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம்," என்று கணவர் காசிராஜன் மதுரைக்குக் கூட்டிப்போனார். அவர் மளிகைக்கடையில் வேலை பார்த்தார்.

கண்ணுக்குப் பின்னால் கட்டி என்றார்கள் மதுரையில். அது எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று தெரிய, மெட்ராஸில் ஐசோடோப் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். இருவரும் மெட்ராஸ் போகும் கொல்லம் மெயிலில் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் கையில் ஊசி போட்டார்.

"கட்டி பரவின எலும்புல இந்த மருந்து கூடுதலா சேரும்மா. மெஷின் அதைக் காட்டிடும். கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கு, நிறையத் தண்ணி குடிச்சா சீக்கிரம் போயிடும். சார், நீங்க கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"பரவால்ல, நான் இங்கனயே இருக்கேன்," என்றார் காசிராஜன். அவள் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தார்.

பிறகு அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேலே கனத்த இரும்பு உருளை ஒன்று இடமும் வலமுமாக, தறியில் நூல் சுமந்த நாடா இங்குமங்கும் ஓடுவதுபோல, வரிவரியாக நகர்ந்தது. மருந்து அதிகமுள்ள இடத்தில் 'டக் டக்' சத்தம் நெருங்கும். வலது கண் பக்கம் வந்ததும் அது சடசடத்தது. உருளை கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கியபோது பூமாரி அந்தச் சத்தத்தையே உற்றுக் கேட்டாள். அங்கே சத்தம் சீராகவே இருந்தது.

படத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "கண்ணோரத்து எலும்புல மட்டுந்தான் இருக்கும்மா. வேற எங்கயும் போகல. எடுத்துடலாம்."

எடுத்தார்கள். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவ ஓரத்தில் தழும்பு மட்டும் நின்றது. கட்டி திரும்ப வருகிறதா என்று பார்க்க வருடந்தோறும் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். முதல் வருடம் பயந்துகொண்டே போனாள். அப்புறம் பழகிவிட்டது. நர்ஸுக்குப் பனங்கற்கண்டு கொண்டுபோனாள். மாடி பஸ்ஸில் மேலே ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்த்தாள்.

1983-ல் டாக்டர், "இனிமே ஸ்கேன் வேண்டாம். மதுரையிலேயே காட்டிக்கிட்டா போதும்," என்றார். வெளியே வந்த பூமாரி ஆஸ்பத்திரி வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்னட்டி, சந்தோசமில்லையா?"

"சந்தோசந்தான். ஆனா அடுத்த வருசம் என்னத்தச் சொல்லி மெட்ராஸுக்கு வருவோம்?"

காசிராஜன் ரோடென்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தார்.

"கடலு பாக்கப் போறோம்னு சொல்லுவோம்."

மறு வருடம் அப்படியே சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார்கள்.